சோலோவை விட்டுக்கொடுத்த லீட் கிட்டாரிஸ்ட்... பீட்டில்ஸில் யார் பெஸ்ட்?

இயர்போனை எடுத்து மாட்டிக்கோங்க. 'டாக்ஸ்மேன்' பாட்டைத் தேடிப் போடுங்க. 1966-ல் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தின் முதல் பாட்டு அது. பாதிப் பாட்டில் ஒரு கிட்டார் சோலோ சீறிக்கொண்டு வரும். சில விநாடிகள்தான். ஆனால், அறுபது வருஷம் ஆகியும் அதன் சூடு ஆறவில்லை.

பாட்டை எழுதியவர் ஜார்ஜ் ஹாரிசன். பாடியவரும் அவர்தான். பீட்டில்ஸின் லீட் கிட்டாரிஸ்ட்டும் அவர்தான். அப்போ அந்த சோலோவை வாசித்தது? பால் மெக்கார்ட்னி! பேண்டில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்.

சரி, அடுத்த பாட்டு. 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்'. தலைப்பிலேயே கிட்டார் இருக்கிறது. எழுதிப் பாடியது ஜார்ஜ். உருகி உருகி அழும் அந்த சோலோ? எரிக் கிளாப்டன். அவர் பீட்டில்ஸ் ஆளே கிடையாது.

இன்னொன்று. 'கெட் பேக்' பாட்டின் லீட் கிட்டார்? அது ஜான் லென்னன்!

இப்போ புரியுதா, பீட்டில்ஸ் ரசிகர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் ஏன் சண்டை வருதுன்னு? 'லீட் கிட்டாரிஸ்ட்' என்று பெயர் வைத்துக்கொண்டு, முக்கியமான இடங்களில் மற்றவர்களை வாசிக்கவிட்டவர் எப்படி அந்த பேண்டின் பெஸ்ட் கிட்டாரிஸ்ட் ஆக முடியும்? நியாயமான கேள்விதான். பதில் வேண்டுமென்றால், ஜார்ஜின் கதையை ஆரம்பத்திலிருந்து கேட்கணும்.

பஸ் மாடியில் ஒரு ஆடிஷன்

1943 பிப்ரவரி 25. இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில் ஒரு குட்டி வீட்டில் பிறந்தார் ஜார்ஜ். நாலு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஹரால்ட் பஸ் ஓட்டுபவர். அம்மா லூயிஸ் கடையில் வேலை பார்த்தவர். கழிப்பறை வீட்டுக்கு வெளியே. குளிருக்கு ஒரே ஒரு கணப்பு அடுப்பு. அந்த வீட்டுப் பையனுக்குப் பதின்மூன்று வயதில் கிட்டார் பைத்தியம் பிடித்தது. ஒரு மலிவு விலை கிட்டார் வந்தது. பையன் ராத்திரி பகலாக அதோடு மல்லுக்கட்ட, அம்மா திட்டவில்லை, தட்டிக்கொடுத்தார்.

ஸ்கூலுக்குப் போகும் பஸ்ஸில்தான் பால் மெக்கார்ட்னி அறிமுகம். ஒரு வகுப்பு சீனியர். அவர் ஏற்கெனவே ஜான் லென்னனின் 'குவாரிமென்' குழுவில் சேர்ந்திருந்தார். எங்கிட்ட ஒரு பையன் இருக்கான், பிரமாதமா வாசிப்பான் என்று லென்னனிடம் சிபாரிசு செய்தார். லென்னனுக்கோ தயக்கம். அவருக்குப் பதினேழு வயது. இந்தப் பையனுக்குப் பதினைந்துகூட சரியாக ஆகவில்லை. அந்த வயதில் ரெண்டு வருஷ வித்தியாசம் என்பது ஒரு தலைமுறை இடைவெளி மாதிரி.

1958-ல் ஒரு ராத்திரி, டபுள் டெக்கர் பஸ்ஸின் மேல்தளத்தில் ஆடிஷன் நடந்தது. 'ராஞ்சி' என்ற கிட்டார் பாட்டை ஒரு சுரம் பிசகாமல் வாசித்துக் காட்டினார் ஜார்ஜ். அந்தக் குழுவில் அப்படி வாசிக்க வேறு யாருக்கும் வராது. வயசெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

இதை மனசுல வெச்சுக்கோங்க. ஜார்ஜ் நண்பன் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவர் இல்லை. வாசிப்புக்காகச் சேர்க்கப்பட்டவர். ஆனால், 'சின்னப் பையன்' என்ற அடையாளம் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை. உங்க கேங்கில் வயசுல சின்னவரா நீங்க இருந்திருந்தா, அந்த வலி உங்களுக்குத் தெரியும்.

மூணு கிட்டார், ஒரு குழப்பம்

ஆரம்பத்தில் லென்னன், மெக்கார்ட்னி, ஜார்ஜ் மூவருமே கிட்டார்தான். 1960-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து கிளப்புகளில் ராத்திரி முழுக்க மணிக்கணக்கில் வாசித்தார்கள். அங்கேதான் விரல்கள் பழுத்தன. பதினெட்டு வயது ஆகாதவர் என்று கண்டுபிடித்து ஜார்ஜை மட்டும் ஊருக்குத் திருப்பி அனுப்பிய கூத்தும் நடந்தது.

1961-ல் பேஸ் கிட்டார் வாசித்த ஸ்டுவர்ட் சட்கிளிஃப் குழுவைவிட்டுப் போனார். அந்த வேலையை எடுத்துக்கொள்ள யாருக்கும் ஆசை இல்லை. கடைசியில் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. அதாவது, மெக்கார்ட்னி அடிப்படையில் ஒரு கிட்டாரிஸ்ட். சந்தர்ப்பம் அவரை பேஸுக்குத் தள்ளியது. கிட்டார் மீதான கை அரிப்பு மட்டும் போகவில்லை. 'டிக்கெட் டு ரைட்'ல் லீட், 'டாக்ஸ்மேன்'ல் சோலோ, 'குட் மார்னிங் குட் மார்னிங்'ல் சோலோ என்று இடம் கிடைத்தபோதெல்லாம் புகுந்து விளையாடினார்.

லென்னனின் பலம் ரிதம். 'ஆல் மை லவ்விங்' கேளுங்க. பாட்டு முழுக்க ஒரு கை, தையல் மெஷின் ஊசி மாதிரி கம்பிகளைத் தட்டிக்கொண்டே ஓடும். அது லென்னன். அதே பாட்டில் நடுவே துள்ளிக்கொண்டு வரும் சோலோ ஜார்ஜுடையது. ரெண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பாட்டு.

ஜார்ஜின் ஸ்டைல் வேற மாதிரி. அவர் ஃபுல் ஸ்பீடில் பறக்கிற ஆள் இல்லை. சோலோவை ஒரு குட்டி மெட்டாக முன்கூட்டியே யோசித்து, செதுக்கி, அதை அப்படியே வாசிப்பார். அதனால்தான் அவர் சோலோக்களை வாயால் பாடிக்காட்ட முடியும். வேகமா வாசிக்கிற பல பேரோட சோலோவைப் பாடிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும்!

1964 பிப்ரவரியில் அமெரிக்காவில் கால் வைத்தபோது, ரிக்கன்பேக்கர் நிறுவனம் அவருக்கு 12 கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைக் கொடுத்தது. அதை வைத்து 'எ ஹார்ட் டே'ஸ் நைட்' பாட்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு 'டாங்ங்ங்' அடித்தார். ரசிகர்கள் அந்த ஒற்றை ஒலியில் என்னென்ன சுரங்கள் கலந்திருக்கின்றன என்று இன்னமும் ஆராய்ச்சி செய்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் 'தி பேர்ட்ஸ்' குழுவின் ரோஜர் மெக்குவின் 12 கம்பி கிட்டார் வாங்கினார். அமெரிக்காவில் 'ஃபோக் ராக்' என்ற அலை கிளம்பியதில் அந்த கிட்டாருக்குப் பெரிய பங்கு உண்டு.

கிட்டாரை மூலையில் வைத்த லீட் கிட்டாரிஸ்ட்

1965-ல் 'ஹெல்ப்' படத்தின் ஷூட்டிங். ஓர் இந்திய உணவகக் காட்சி. அங்கே கிடந்த சிதாரைக் கையில் எடுத்துப் பார்த்தார் ஜார்ஜ். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். அதே ஆண்டு 'நார்வீஜியன் வுட்' பாட்டில் சிதார் வாசித்தார். உண்மையைச் சொல்லணும்னா, அது கிட்டாரிஸ்ட் ஒருவர் சிதாரில் கிட்டார் வாசித்தது மாதிரிதான். அதைக் கேட்ட பண்டிட் ரவிஷங்கருக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை.

1966-ல் லண்டனில் ரவிஷங்கரைச் சந்தித்தார். உலகமே கொண்டாடும் பீட்டில், ஒரு மாணவனாகத் தரையில் உட்கார்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் வந்தார். ஹோட்டலைச் சுற்றி ரசிகர் கூட்டம் குவிய, குருவும் சீடரும் காஷ்மீருக்குப் போய், தால் ஏரி படகு வீட்டில் பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கிட்டார் ரெண்டாம்பட்சம். பீட்டில்ஸ் புகழின் உச்சியில் இருந்த நேரம் அது! 'டாக்ஸ்மேன்' ஏன் மெக்கார்ட்னி கைக்குப் போனது, அந்தக் காலகட்டத்தில் மற்றவர்கள் ஏன் அதிகம் வாசித்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், 'டாக்ஸ்மேன்' சோலோவில் மெக்கார்ட்னி ஓர் இந்திய வாசனையைக் கலந்திருந்தார். ஜார்ஜ் கோபப்படவில்லை, அது தனக்காகச் செய்தது என்று சந்தோஷப்பட்டார்.

1968 பிப்ரவரியில் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு நால்வரும் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏப்ரலில் அங்கிருந்து கிளம்பிய ஜார்ஜ் நேராக எங்கே போனார் தெரியுமா? நம்ம மெட்ராஸுக்கு! ரவிஷங்கரைப் பார்க்க. வந்த இடத்தில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ள, படுத்த படுக்கையாகி, அப்புறம்தான் லண்டன் திரும்பினார்.

அந்த ஆண்டுதான் ஜார்ஜ் ஒரு கசப்பான உண்மையை ஒப்புக்கொண்டார். சின்ன வயதிலிருந்தே தினமும் மணிக்கணக்கில் சாதகம் செய்பவர்கள் முன்னால், இருபதுகளில் தொடங்கிய தான் ஒருபோதும் நல்ல சிதார் கலைஞர் ஆக முடியாது. குருவும் உன் வேர் எங்கே என்று யோசிக்கச் சொன்னார். கிட்டாரிடமே திரும்பினார். ஆனால், போனபோது இருந்த ஜார்ஜ் இல்லை, திரும்பி வந்த ஜார்ஜ்.

விருந்தாளி வந்தா வீடு அமைதியாகும்

அந்தக் கோடையில் பேண்டுக்குள் புகைச்சல். 'ஹே ஜூட்' பாட்டில் ஒவ்வொரு வரிக்கும் கிட்டாரில் பதில் சொல்ல ஜார்ஜ் ஆசைப்பட்டார். மெக்கார்ட்னி வேண்டாம் என்றுவிட்டார். ஜார்ஜ் எழுதிய 'வைல் மை கிட்டார்...' பாட்டிலோ மற்றவர்கள் ஆர்வமே காட்டவில்லை. டேப்பைத் தலைகீழாக ஓட்டி ஒரு சோலோ செய்ய ஒரு ராத்திரி முழுக்கப் போராடி, அதையும் தூக்கிப்போட்டார்.

1968 செப்டம்பர் 6. காரில் கூட வந்த நண்பர் எரிக் கிளாப்டனிடம், ஸ்டூடியோவுக்கு வந்து வாசி என்றார். கிளாப்டன் பதறினார். பீட்டில்ஸ் ரெக்கார்டில் வெளியாள் கிட்டார் வாசிப்பதா? இது என் பாட்டு என்று சொல்லி அழைத்துப் போனார் ஜார்ஜ். விருந்தாளி வந்தால் வீட்டுச் சண்டை நிற்கும் இல்லையா, அதே கதை. எல்லோரும் ஒழுங்காக வாசித்தார்கள். பாட்டு பிழைத்தது.

இங்கேதான் விவாதத்தின் மையமே இருக்கிறது. இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நான் வேற மாதிரி பார்க்கிறேன். தன் பாட்டைக் காப்பாற்ற, தன் நாற்காலியையே எழுந்து கொடுத்தார். எத்தனை லீட் கிட்டாரிஸ்ட்டுகள் இதைச் செய்வார்கள்? நீங்க ஆபீஸ்ல உழைச்சுத் தயாரிச்ச பிரசன்டேஷனை, உங்களைவிட நல்லா பேசுறார்னு இன்னொருத்தர் கையில கொடுப்பீங்களா?

கிளம்பிப் போனார்... திரும்பி வந்தார்

1969 ஜனவரி 10. கேமராக்கள் படம் பிடித்துக்கொண்டிருக்க, மதிய இடைவேளையில் பேண்டைவிட்டு வெளியேறினார் ஜார்ஜ். எப்படி வாசிக்கணும் என்று மெக்கார்ட்னி சொல்லிக்கொண்டே இருந்தது, எழுதிக்கொண்டு வந்த பாட்டுகளை மற்றவர்கள் கண்டுகொள்ளாதது என்று பல வருஷப் புழுக்கம் அது. ஜார்ஜ் திரும்பாவிட்டால் கிளாப்டனைச் சேர்த்துக்கலாம் என்றுகூட லென்னன் பேசினார். 2021-ல் வந்த 'கெட் பேக்' ஆவணப்படத்தில் அந்த நாட்களைப் பார்க்கலாம்.

சில நாட்களில் திரும்பினார். மறுபடியும் ஒரு விருந்தாளியைக் கூட்டிவந்தார். இம்முறை கீபோர்டு கலைஞர் பில்லி பிரஸ்டன். மறுபடியும் மருந்து வேலை செய்தது!

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'ஆபே ரோடு' ஆல்பத்தில் கடைக்குட்டி வெடித்துக் கிளம்பினார். 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் தி சன்' என்று ரெண்டு பாட்டு. 'சம்திங்' சோலோவை இப்பவே கேளுங்க. அவசரமே இல்லை. ஒவ்வொரு சுரமும் வழுக்கி அடுத்த சுரத்தின் தோளில் சாய்கிறது. சிதாரில் கம்பியை இழுத்து வாசிக்கக் கற்றவரின் விரல் அது. 'ஹியர் கம்ஸ் தி சன்' நடுவில் தாளம் நடை மாறி மாறிச் சுழன்று வரும். நம்ம கச்சேரிகளில் மிருதங்கம் மூன்று முறை வாசித்து முடிக்கும் தீர்மானம் நினைவுக்கு வரலாம். ரெண்டு வருஷ சாதகம் வீணாகவில்லை.

அதே ஆல்பத்தில் 'தி எண்ட்'. இந்த விவாதத்துக்கு பீட்டில்ஸே நடத்திய ஃபைனல் மேட்ச் என்று இதைச் சொல்லலாம். ரிங்கோவின் டிரம்ஸ் முடிந்ததும், மூன்று பேரும் மாறி மாறி சோலோ வாசிக்கிறார்கள். வரிசையை நல்லா கவனிங்க: மெக்கார்ட்னி, ஜார்ஜ், லென்னன். மறுபடி அதே வரிசை. மறுபடியும். மெக்கார்ட்னி கூர்மையாகப் பாய்கிறார். ஜார்ஜ் இழுத்து, வளைத்து, பாடுகிறார். லென்னன் கரடுமுரடாக உறுமுகிறார். வாசித்தபோது மூவரின் முகத்திலும் பழைய சந்தோஷம் இருந்ததாக அங்கிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பஸ் மாடி ஆடிஷனில் தொடங்கிய மூணு கிட்டார் கதை, ஒரு நிமிஷத்துக்கும் குறைவான அந்த ஆட்டத்தில் வந்து நிற்கிறது.

சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது

1970-ல் பேண்ட் உடைந்தது. அந்த நவம்பரில் ஜார்ஜ் வெளியிட்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பம். பேண்டில் இடம் கிடைக்காமல் தேங்கிக் கிடந்த பாட்டுகளும் அதில் உண்டு. 'மை ஸ்வீட் லார்ட்' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நம்பர் ஒன். பிறகு அதன் மெட்டு வேறொரு பாட்டை ஒத்திருக்கிறது என்று வழக்கு வந்ததும், தெரியாமல் செய்த நகல் என்று 1976-ல் தீர்ப்பானதும் தனிச் சோகம்.

அந்தப் பாட்டில்தான் உலகம் புது ஜார்ஜைக் கேட்டது. விரலில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டு கம்பி மேல் வழுக்கி வாசிக்கும் 'ஸ்லைடு' முறை. நம்ம கோட்டுவாத்தியம் கேட்டிருந்தால் அந்தக் குழைவு உங்களுக்குப் புதுசா இருக்காது. ராக் உலகில் ஸ்லைடு வாசித்தவர்கள் ஏராளம். ஆனால், ரெண்டு சுரம் கேட்டதுமே இது ஜார்ஜ் என்று சொல்லிவிடலாம். அந்தக் கையெழுத்து வேறு யாருக்கும் இல்லை.

1971 ஆகஸ்ட் 1. வங்கதேசப் போரின் அகதிகளுக்காக ரவிஷங்கர் உதவி கேட்க, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் ரெண்டு நிகழ்ச்சிகள் நடத்தினார். பாப் டிலன், ரிங்கோ, கிளாப்டன் எல்லோரும் வந்தார்கள். பிரபலங்கள் ஒன்றுகூடி நடத்தும் நிதி திரட்டும் கச்சேரிகளுக்கு அதுவே முன்னோடி.

கிளாப்டன் என்றதும் அந்த இன்னொரு கதை ஞாபகம் வருதா? ஆமாம், ஜார்ஜின் மனைவி பேட்டி பாய்டை கிளாப்டன் காதலித்தார். ஜார்ஜ் - பேட்டி பிரிந்தார்கள். 1979-ல் கிளாப்டன், பேட்டியைத் திருமணம் செய்தார். அந்தக் கல்யாண விருந்தில் ஜார்ஜ், மெக்கார்ட்னி, ரிங்கோவோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்! நட்பு அறுந்துபோகவில்லை.

த... நி...

இந்தியா அவரை விடவே இல்லை. 1974-ல் ரவிஷங்கர் குழுவோடு வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது, மேடையில் நம்ம டி.வி.கோபாலகிருஷ்ணனும் எல்.சுப்ரமணியமும் இருந்தார்கள். 1996-ல் மறுபடி மெட்ராஸ் வந்தார். ரவிஷங்கரின் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' ஆல்பத்தின் ஒரு பகுதி இங்கேதான் பதிவானது, தயாரிப்பாளர் ஜார்ஜ். 1978-ல் இரண்டாவது மனைவி ஒலிவியாவுக்கும் அவருக்கும் பிறந்த மகனின் பெயர் தனி. ச, ரி, க, ம, ப சொல்லிப் பாருங்க... அடுத்து வரும் 'த', 'நி' ரெண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர்!

2001 நவம்பர் 29. புற்றுநோயோடு போராடி, 58 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார் ஜார்ஜ். சரியாக ஓராண்டு கழித்து லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நண்பர்கள் அஞ்சலி செலுத்தினார்கள். இசைப் பொறுப்பு கிளாப்டனுக்கு. 'சம்திங்' பாட்டை, ஜார்ஜுக்குப் பிடித்த உகுலேலேயில் தொடங்கினார் மெக்கார்ட்னி. பின்னால் கிட்டாரோடு தனி நிற்கிறார். அப்பா முகம் அப்படியே!

சரி, தீர்ப்பு?

2011-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வெளியிட்ட சிறந்த கிட்டாரிஸ்ட்டுகள் பட்டியலில் ஜார்ஜுக்கு 11-வது இடம், கிளாப்டனுக்கு 2-வது இடம். பட்டியல்கள் வரும், போகும். விரல் வேகமும் துணிச்சலும்தான் அளவு என்றால், மெக்கார்ட்னிக்கு வோட்டுப் போடுங்க. நான் சண்டைக்கு வரமாட்டேன். பாட்டை ஓடவைக்கும் ரிதம்தான் முக்கியம் என்றால் லென்னன்.

ஆனால், கடைசியாக ஒரு பாட்டு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. 'நவ் அண்ட் தென்'. லென்னன் எப்போதோ வீட்டில் கேசட்டில் பாடி வைத்தது. 1995-ல் மற்ற மூவரும் அதை முடிக்க முயன்று, ஒலித்தரம் சரியில்லை என்று கைவிட்டார்கள். தொழில்நுட்பம் வளர்ந்தபின், 2023-ல் அந்தக் குரலைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். 1995-ல் ஜார்ஜ் வாசித்த கிட்டார் அதில் இருக்கிறது. நடுவில் ஓர் ஸ்லைடு சோலோ வரும். வழுக்கி, குழைந்து... கேட்டதுமே இது ஜார்ஜ் என்பீர்கள்.

இல்லை. அது மெக்கார்ட்னி. 1966-ல் ஜார்ஜின் பாட்டில் சோலோ வாசித்த அதே மெக்கார்ட்னி, 57 வருஷம் கழித்து, எண்பதைத் தாண்டிய வயதில், இல்லாத நண்பனின் இடத்தில் நின்று, அவர் எப்படி வாசித்திருப்பாரோ அப்படியே வாசித்திருக்கிறார். ஹே ஜூடில் அந்த கிட்டாரை வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான்.

என் வோட்டு ஜார்ஜுக்கு. உங்க வோட்டு?